ரெண்டு பெடலோடு இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில்: போர்ஷே 718 கேமன், ஒரு முழு நாள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவது என்றால் பாதி வேலையை வண்டியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நினைத்தது மட்டுமில்லை, டீக்கடையில் பேச்சு வந்தபோதெல்லாம் அடித்துச் சொல்லியும் இருக்கிறேன். போன ஜனவரியில் நண்பனுடைய போர்ஷே 718 கேமனை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை போய், ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். இந்த வண்டியை வாங்க நினைப்பவர்களைவிட, கையில் இருக்கும் ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக்கோடு ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) போகலாமா என்று யோசிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உபயோகப்படும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் சொல்வது புரியும். ஓசூர் சிப்காட்டில் கியர் வெட்டும் ஒரு யூனிட்டில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கையில் கியர், ஷாஃப்ட், மைக்ரோமீட்டர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், கிருஷ்ணகிரி கிரானைட்டும் மாம்பழக்கூழ் டின்னும் ஏற்றிக்கொண்டு சென்னை துறைமுகத்துக்கும், தொப்பூர் இறங்கி சேலம் பக்கமும் போய் வந்தவர். கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, சத்தத்தைக் கேட்டு இன்ஜினைப் புரிந்துகொள்வதுதான் ஓட்டுவது என்று அவரிடம் படித்தவன் நான். இன்றைக்கும் வீட்டில் நிற்பது ஒரு பழைய ஜிப்ஸி, ஐந்து கியர் மேனுவல்.

நண்பன் பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவன். குடும்பத்துக்கு கிரானைட் தொழில். இந்த கேமனை செகண்ட் ஹேண்டில் வாங்கினான், 2018 மாடல். இரண்டே சீட். 1,988 சிசி, நாலு சிலிண்டர், டர்போ. சிலிண்டர்கள் நின்றபடி இல்லாமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜின். அது சீட்டுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. 300 பிஎஸ் பவர், 380 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் பிடிகே, அதாவது போர்ஷேவின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஸ்போர்ட் க்ரோனோ என்கிற கூடுதல் பேக்கேஜ் இருக்கிற வண்டி என்பதால் நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொட 4.7 விநாடி என்று கம்பெனி கணக்கு. எடை 1,350 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இன்ஜின் நடுவில் இருப்பதால் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. முன் டிக்கியில் இரண்டு ஹெல்மெட், ஒரு டூல் பை, காற்று அளக்கும் கேஜ், தண்ணீர் கேன் எல்லாம் அழகாக உட்கார்ந்துவிட்டது.

விடிகாலை மூன்றரைக்கு ராயக்கோட்டை ரோட்டிலிருந்து கிளம்பினோம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வழி முழுக்க வண்டி ஒரு சாதாரண ஆட்டோமேட்டிக் கார் மாதிரிதான் வந்தது. ஏழாவது கியரில் இன்ஜின் மூச்சே விடாமல் ஓடுகிறது, லாரிக்குப் பின்னால் வேகம் குறைந்தால் தானே கீழே இறங்கிக்கொள்கிறது. டிராக்குக்குப் போகிற வண்டியில் வீட்டிலிருந்து ட்ராக் வரைக்கும் முதுகு வலிக்காமல் போய்ச் சேர முடிவது பெரிய விஷயம், இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊர்களுக்குள் இருக்கும் வேகத்தடைகள் மட்டும்தான் தொல்லை. மூக்கு தாழ்வாக இருப்பதால் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக ஏற்ற வேண்டும்.

ட்ராக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் கட்டி, 1990-ல் திறந்த ட்ராக் இது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் எல்லாம் ஓட்டிய இடம். பிட் லேனில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் பழைய ரப்பர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வந்தது. கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

அந்த ட்ராக் டேவை நடத்தியவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் வேண்டாம். பிரீஃபிங் அவசர அவசரமாக முடிந்தது, எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்பதைப் புதிதாக வந்தவர்களுக்கு நிறுத்திச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் தாமதம். ஆனால் அது வந்து நிற்கும்வரை ஒரு வண்டியைக்கூட உள்ளே விடவில்லை, அந்த ஒரு காரணத்துக்காக மீதி எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். பேட்ச் பிரித்ததுதான் சரியில்லை. சின்ன ஹேட்ச்பேக்கும் பெரிய பவர் வண்டியும் ஒரே பேட்சில். முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் முந்த வேண்டும் என்பது விதி, சிலர் கண்ணாடியையே பார்ப்பதில்லை.

ஆளுக்கு இருபது நிமிஷ செஷன் இரண்டு, மொத்தம் நாலு. எனக்குக் கிடைத்தது பதினாறு சுற்று. கணக்குப் போட்டால் அறுபது கிலோமீட்டர் கூட வராது, கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த அறுபது கிலோமீட்டரில் கற்றுக்கொண்டதை ரோட்டில் அறுபதாயிரம் ஓட்டியும் கற்றிருக்க மாட்டேன்.

முதல் செஷனில் பக்கத்தில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்தார், பல வருஷம் ரேஸ் ஓட்டிய அண்ணன். நான் டி-யில் போட்டு, நார்மல் மோடிலேயே கிளம்பினேன். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன், ஆட்டோமேட்டிக் ட்ராக்கில் எப்படித் தடுமாறும் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். நினைத்த மாதிரியே ஆயிற்று. வளைவுக்குள் ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோல் மிச்சம் பிடிக்க அது மேல் கியருக்குப் போய்விடுகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது அழுத்தினால், அடடா இவன் வேகம் கேட்கிறானே என்று ஒரே தாவில் இரண்டு கியர் கீழே இறங்குகிறது. ஸ்டியரிங் இன்னும் திரும்பியிருக்கும் நேரத்தில் பின் சக்கரத்துக்கு அத்தனை டார்க்கும் மொத்தமாக வந்தால் என்ன ஆகும், பின்பக்கம் லேசாக ஒரு குலுக்கு குலுக்கியது. எலக்ட்ரானிக்ஸ் பிடித்துக்கொண்டது. அண்ணன் சிரிக்கவும் இல்லை திட்டவும் இல்லை, "இது ஆபீஸ் போற மோடு தம்பி, ஸ்டியரிங்ல இருக்கிற அந்தத் திருகைத் திருப்புங்க" என்றார்.

ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வட்டத் திருகு. அதை ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் வைத்ததும் வண்டியின் சுபாவமே வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் எண்ணம் மாறியது இந்த இடத்தில்தான்.

மெயின் ஸ்ட்ரெயிட்டில் முழுசாக அழுத்திக்கொண்டு வருகிறேன். நடுவில் இருக்கும் பெரிய டயல் ஆர்பிஎம் மீட்டர், அதற்குள்ளேயே கியர் எண்ணும் வேகமும் எண்ணில் தெரிகிறது. 170-ஐத் தாண்டியதைக் கடைசியாகப் பார்த்தேன், அதற்குமேல் கண்ணைக் கீழே இறக்கத் தைரியம் இல்லை. சி1 என்கிற முதல் வளைவு வருகிறது. பிரேக்கை மிதிக்கிறேன். மிதித்த அந்தக் கணமே முதுகுக்குப் பின்னால் இன்ஜின் ஒரு உறுமல், கியர் ஒன்று இறங்குகிறது, இன்னும் அழுத்தினால் இன்னொரு உறுமல், அடுத்த கியர். ஒவ்வொரு இறக்கத்துக்கும் இன்ஜின் வேகத்தைத் தானே ஏற்றிப் பொருத்திக்கொள்வதால் ஒரு இடி, ஒரு இழுப்பு இல்லை. வளைவுக்குள் போன பிறகு கியர் மாறவே இல்லை. ஆக்சிலேட்டரைப் பாதி விட்டாலும் பிடித்த கியரைப் பிடித்தபடி நிற்கிறது. வண்டி பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதை சென்சார் மூலம் கவனித்து, வளைவில் இருக்கிறோம் என்று தெரிந்துதான் அப்படிச் செய்கிறது. வெளியே வரும்போது நான் அழுத்தவும், தேவையான கியர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

பெரியப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் ஞாபகம் வந்தது. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திச் சொன்னார், "எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லதான் இறங்கணும், இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைப் போட்டுடணும், பாதியில தேடக்கூடாது." டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், இரட்டைப் பாலத்துப் பக்கம் எத்தனை லாரி எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கிறது என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் அந்த அறிவு இல்லாத கியர்பாக்ஸ் என்றுதான் நான் வைத்திருந்த எண்ணம். இங்கே என்னவென்றால், பெரியப்பா சொன்ன அதே பாடத்தை அந்தப் பெட்டி என்னைவிடச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. வளைவுக்கு முன்னாலேயே கியர் போட்டாயிற்று, பாதியில் தேடவில்லை.

சரி, அப்படியென்றால் ஓட்டுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் மூன்றாவது சுற்றிலேயே கிடைத்துவிட்டது, பிரேக். மேனுவலில் ஒரு வளைவுக்கு வரும்போது வலது கால் பிரேக்கிலும் அதே காலின் ஓரம் ஆக்சிலேட்டரிலும், இடது கால் கிளட்சிலும், இடது கை கியரிலும், ஒரே கை ஸ்டியரிங்கிலும் இருக்கும். ஹீல் அண்ட் டோ என்று சொல்வார்கள், அதைச் சரியாகச் செய்துவிட்டாலே வளைவை நன்றாக எடுத்துவிட்டோம் என்று ஒரு திருப்தி வந்துவிடும். உண்மையில் பிரேக்கைக் கன்னாபின்னாவென்று மிதித்திருப்போம், அது தெரியாது. இங்கே அந்த வேலை எதுவும் இல்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். மறைந்துகொள்ள இடமே இல்லை, பிரேக் போட்டது தப்பென்றால் தப்பு அப்பட்டமாகத் தெரிகிறது.

என் தப்பு, பிரேக்கை விடுவதில் இருந்தது. வளைவு வந்ததும் சட்டென்று காலை எடுத்துவிடுவேன். முன் சக்கரத்தின் மேல் இருந்த பாரம் சட்டென்று பின்னால் போய்விடும், வண்டி திரும்ப மறுத்து வெளிப்பக்கம் நகரும். அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், "மிதிக்கிறது யார் வேணாலும் மிதிப்பாங்க, விடுறதைத்தான் கத்துக்கணும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்புதோ அவ்வளவு கால் மேல வரணும்." பின்பகுதியில் ஒரு மெதுவான வளைவில், இரண்டாவது கியரில், இது ஒருமுறை சரியாக வந்தது. பிரேக்கை ஒரு நூலிழை பிடித்தபடி உள்ளே கொண்டுபோனேன், மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டே வந்தது, இடுப்பைச் சுற்றி வண்டி திரும்புகிற மாதிரி இருந்தது. இன்ஜின் நடுவில் இருக்கும் வண்டியின் குணம் அது. அந்த உணர்வு இரவு தூங்கும்வரை உடம்பிலேயே இருந்தது.

இரண்டாவது செஷனில் தனியாகப் போனேன், ஆட்டோவை விட்டுவிட்டு பேடில் ஷிஃப்டில் நானே மாற்றினேன். வலது பக்கம் இழுத்தால் மேலே, இடது பக்கம் இழுத்தால் கீழே. விரலை இழுக்கும் முன்னாலேயே மாறிவிட்ட மாதிரி இருக்கிறது. மேலே ஏற்றுவதில் எனக்கு ருசி இருந்தது, 7,000-ஐ நெருங்கும்போது நானே இழுப்பது ஒரு சந்தோஷம். ஆனால் உண்மையைச் சொன்னால், கீழே இறக்குவதில் அந்தப் பெட்டி செய்ததைவிட நான் மோசமாகத்தான் செய்தேன். இரண்டு இடத்தில் ஒரு கியர் அதிகமாக வைத்துக்கொண்டு வளைவுக்குள் போனேன், வெளியே வரும்போது இழுவை இல்லை. நாலு சுற்றுக்கு அப்புறம் திரும்பவும் ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனையும் இதுதான், முதல் நாள் ஸ்போர்ட் ப்ளஸ்ஸில் விட்டுவிட்டு பிரேக்கையும் வளைவை எடுக்கும் பாதையையும் கற்றுக்கொள்ளுங்கள், பேடில் எங்கும் ஓடிப்போகாது.

இடது காலால் பிரேக் போடும் விஷயம். கிளட்ச் இல்லையே, இடது கால் சும்மாதானே இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றும். கூல் டவுன் சுற்றில், அதாவது செஷன் முடிவில் வண்டி ஆற மெதுவாக ஓட்டும் சுற்றில், பின்னால் யாரும் இல்லாத இடத்தில் செய்து பார்த்தேன். இருபது வருஷம் கிளட்சை அடியோடு மிதித்துப் பழகிய கால் அது, அதற்கு மெல்ல மிதிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. வண்டி அப்படியே முன்னால் குத்தி நின்றது, பெல்ட் நெஞ்சில் பதிந்தது. பின்னால் ஒரு வண்டி வந்திருந்தால் விபரீதம். அதை வீட்டுப் பக்கம் காலியான மைதானத்தில், 30 வேகத்தில், பல நாள் பழகிவிட்டுத்தான் ட்ராக்கில் தொட வேண்டும்.

இந்த கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை என் தொழில் பழக்கத்தில் சொல்லிவிடுகிறேன். உள்ளே கிளட்ச் ஒன்று இல்லை, இரண்டு. 1, 3, 5, 7 ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில். மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலாவதைப் பல்லோடு பல் பூட்டித் தயாராக வைத்திருக்கும். மாற்றும் நேரத்தில் ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் இழுவையில் இடைவெளியே இல்லை. கியர் என்று பார்த்தால் நாங்கள் ஓசூரில் வெட்டுகிற மாதிரி, பல் சாய்வாக இருக்கும் ஹெலிகல் கியர்தான், மேனுவலில் இருப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது என்பதும் தப்பு. போர்ஷே இதை 1980-களிலேயே 956, 962 ரேஸ் கார்களில் போட்டுப் பார்த்தது, 1986-ல் மோன்சாவில் பிடிகே வைத்த 962 ஜெயித்தும் இருக்கிறது. ரோட்டில் ஓடும் 911-க்கு அது வந்ததே 2008-ல்தான். அதற்கு முன்பே 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-ல் டிஎஸ்ஜி என்று கொண்டுவந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்த கதை வேறு, அதை ஃபார்முலா ஒன்னில் ஃபெராரி 640 கொண்டுவந்தது, 1989 பிரேசில் ரேஸில் நைஜல் மான்செல் அந்த வண்டியின் முதல் ரேஸிலேயே ஜெயித்தார். ஆக ட்ராக்கிலிருந்துதான் இதெல்லாம் ரோட்டுக்கு வந்தது.

ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றில்லை, இதைப் படிக்கிறவர்கள் மறந்துவிடக்கூடாது. நான் இதற்கு முன்னால் ஒரு டர்போ ஹேட்ச்பேக் வைத்திருந்தேன், அதிலும் இரட்டை கிளட்ச்தான். ஆனால் ட்ரை கிளட்ச், எண்ணெயில் மூழ்கியிருக்காது, சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் கிடையாது. அதைக் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு எடுத்துப் போனேன். கால் மணி நேரத்தில் டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடு என்று மஞ்சள் எச்சரிக்கை, ஓரம் கட்டி அரை மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த செஷனிலும் அதேதான். ஆட்டோமேட்டிக் ட்ராக்குக்கு ஆகாது என்ற முடிவுக்கு நான் வந்ததே அந்த நாளில்தான், இப்போது யோசித்தால் ஒரு நாள் அனுபவத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டேன். கேமனில் இருப்பது வெட் கிளட்ச், எண்ணெய் பாய்ந்துகொண்டே இருக்கும். நாலு செஷனிலும் ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை.

எங்கள் பேட்சிலேயே ஒரு புது பிஎம்டபிள்யூ எம்2 வந்திருந்தது. அதில் எட்டு கியர் டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இன்ஜின் இழுவையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பழைய வகை ஆட்டோமேட்டிக். முந்தைய எம்2 காம்பெடிஷனில் இரட்டை கிளட்ச் இருந்தது, இப்போதையதில் பிஎம்டபிள்யூவே கன்வர்ட்டருக்கு வந்துவிட்டது. கன்வர்ட்டர் என்றால் ரப்பர் மாதிரி இழுக்கும் என்பது பழைய கதை, அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போன விதத்தைப் பார்த்தால் புரியும். சிவிடியும் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) ஏஎம்டியும் (மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் மாற்றுவது) வைத்திருப்பவர்கள் வந்தால் தப்பில்லை, பாதை கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏஎம்டியில் ஒரே கிளட்ச்தான், கியர் மாறும் நேரம் இழுவை அறுந்து திரும்ப வரும், வளைவுக்கு நடுவில் அது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேனுவல் மோடில் வைத்து ஓட்டுவது நல்லது.

கேமனில் பிடிக்காதது என்று கேட்டால், சத்தம். முந்தைய தலைமுறை கேமனில் ஆறு சிலிண்டர், டர்போ இல்லாதது. இதில் நாலு சிலிண்டர், உள்ளே கரகரவென்ற ஒரு தொனி. இழுவை வேண்டிய மட்டும் இருக்கிறது, 2,000-க்கு மேல் எங்கே அழுத்தினாலும் தள்ளுகிறது, ஆனால் காது கேட்பது அதுவல்ல. இது என் ரசனை, நண்பனுக்கு இதுவே பிடித்திருக்கிறது.

செலவு, பராமரிப்பு பற்றி. ட்ராக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள். டயர் காற்றைக் காலையில் ஆறியிருக்கும்போது 31 வைத்தோம், முதல் செஷன் முடிந்து அளந்தால் பின் டயர் 38. சூட்டில் ஏறும், இறக்கிவிட வேண்டும், சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். பிரேக் ஆயில் முக்கியம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம், ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 155-க்கு வந்துவிடுகிறது. கொதித்தால் உள்ளே குமிழி, பெடல் தரை வரைக்கும் போகும். இரண்டு வருஷம் மாற்றாத ஆயிலோடு ட்ராக்குக்குப் போகாதீர்கள், எந்த வண்டியானாலும். செஷன் முடிந்து வந்து நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் பி-யில் போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் ரேஸ், வேகச் சோதனை போன்ற உபயோகத்துக்குப் பாதுகாப்பு கிடையாது என்று எழுதியிருக்கும். அதாவது ட்ராக்கில் சுவரில் வைத்துவிட்டால் கைக்காசுதான். நண்பன் அதைத் தெரிந்தும் சாவியை என்னிடம் கொடுத்தான். "மாப்ள, பயந்துகிட்டு ஓட்டுனா ஒண்ணும் தெரியாது, ஆனா எனக்காகக் கொஞ்சம் பயந்துக்கோ" என்றான். முழு நாளும் அது காதில் இருந்தது.

மேனுவல் செத்துவிட்டதா என்றால் இல்லை. போர்ஷேவே 2013-ல் 911 ஜிடி3-ஐ பிடிகேவில் மட்டும் விட்டுப் பார்த்தது, ஆட்கள் கேட்டுக் கேட்டு 2017-ல் அதே ஜிடி3-க்கு மேனுவலைத் திரும்பக் கொடுத்தது. அதற்குக் காரணம் வேகம் இல்லை, மேனுவல் மெதுவானது என்று எல்லோருக்கும் தெரியும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டு ரோட்டில், நாற்பது வேகத்தில், ஜிப்ஸியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கையில் கிடைக்கும் அந்த 'டக்' எனக்கு இன்னும் வேண்டும். அதை விட மாட்டேன். ஆனால் ட்ராக்கில், வேகம் அந்த அளவுக்குப் போகும்போது, பிரேக்கையும் பாதையையும் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் என் மாதிரி ஆளுக்கு, நல்ல வெட் கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான் சரியான வாத்தியார்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வண்டியோடு வீட்டுக்கு வந்தான். பெரியப்பாவை உட்கார வைத்து தருமபுரி தாண்டி தொப்பூர் வரை போனோம் என்று அவன்தான் வந்து சொன்னான், இரண்டே சீட் என்பதால் நான் போகவில்லை. ஏறி உட்காரவே அவருக்குச் சிரமம், அவ்வளவு தாழ்வு. வழியெல்லாம் எதுவும் பேசவில்லையாம். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஸ்போர்ட் மோடில் மெதுவாக பிரேக்கைத் தொட்டிருக்கிறான், பின்னால் இன்ஜின் உறுமி கியர் இறங்கியிருக்கிறது. பெரியப்பா தலையைத் திருப்பாமலே, "மூணுக்கு வந்துட்டான்" என்று சொல்லியிருக்கிறார். மீட்டரைப் பார்த்தானாம், மூன்றுதான். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பெட்டிக்கு ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்?"

அடுத்த ட்ராக் டேவுக்கு முன்னால் பிரேக் ஆயிலும் முன் பேடும் மாற்றிவிடுவது என்று பேசியிருக்கிறோம். பேட்ச் பிரிப்பதைப் பற்றி நடத்துபவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.